பேச்சில்லாத புதிர் விளையாட்டுகளை விளையாடுவது எப்படி?

கொழிஞ்சாம்பாறையில் நான் போர்டு எழுதுகிறவன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைத்தெருவில் காதில் விழுவதில் பெரும்பகுதி தமிழ். பலகையில் மேலே மலையாளம், கீழே தமிழ், ஓரத்தில் போன் நம்பர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பலகை குறைந்துவிட்டது. இப்போது பள்ளிக்கூடச் சுவர், கோயில் மதில், டெம்போவின் பின்கதவு என்று பிழைப்பு ஓடுகிறது. அடித்த முதல் கோட் காய்கிற வரைக்கும் பெயிண்டருக்கு வேலை கிடையாது. அந்த நேரத்தில் செல்போனில் விளையாடுவேன். அதுவும் ஒரே வகைதான்: எழுத்தே இல்லாமல், இருந்தாலும் ஓரிரு வரிக்கு மேல் போகாமல், படத்திலேயே புதிரை வைத்துப் படத்தாலேயே கதை சொல்கிற விளையாட்டுகள்.

அக்கா மகள் மலையாள மீடியத்தில் படிக்கிறாள். அவள் தம்பி தமிழ் மீடியம். பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மூன்று பேரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து சண்டையில்லாமல் விளையாடுவது இந்த வகையைத்தான். சரி, சண்டை உண்டு. "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்கிற சண்டை மட்டும் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரியவர்களுக்கும் இதே பாடம்தான், அவர்களுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு என்பதுதான் வித்தியாசம்.

முதலில், வரைந்தவன் பக்கம் போய் நில்லுங்கள்

"மாமா, எதை அமுக்கோணும்?" புதிதாக விளையாட வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி இது. இந்தக் கேள்வியோடு உள்ளே போனால் விரல்தான் ஓடும், கண் ஓடாது. திரை முழுக்கத் தட்டிப் பார்ப்பீர்கள், ஏதோ ஒன்று நகரும், எதனால் நகர்ந்தது என்று தெரியாமலே அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவீர்கள். கதை கையில் நிற்காது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இதை எதுக்கு வரைஞ்சு வச்சிருக்கான்?"

சுவரில் ஒரு கிளி போட வேண்டுமென்றால் பச்சை தனியாகக் கலக்க வேண்டும், மூக்குக்குச் சின்ன பிரஷ் எடுக்க வேண்டும், பச்சை காய்ந்த பிறகுதான் சிறகுக்கு ஷேடு. யாரும் கேட்காமல் நான் ஒரு கிளி போட மாட்டேன். இந்த விளையாட்டுகளை வரைகிறவர்களும் அப்படித்தான். 'கோரோகோவா' என்று ஒன்று இருக்கிறது. ஜேசன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டுத் தன் கையாலேயே அத்தனை படத்தையும் வரைந்தார். 2012-லேயே ஒரு மாதிரித் துண்டை வெளியே காட்டிவிட்டார், ஆனால் முழு விளையாட்டு வந்தது 2017 டிசம்பரில். விளையாடி முடிக்க இரண்டு மணி நேரம் போதும். இரண்டு மணி நேர விளையாட்டுக்கு அத்தனை வருஷம் வரைந்த ஆள், சும்மா ஒரு ஜன்னல் வரைந்திருக்க மாட்டார். ஜன்னல் இருந்தால் அதற்கு வேலை இருக்கிறது.

அதற்காகப் புல்லையும் கல்லையும் துருவ வேண்டாம். இடம் நிரப்ப வரைந்ததும் இருக்கும். பிரித்துப் பார்க்க எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பது. நுணுக்கமெல்லாம் கலங்கிப் போய், வெளிச்சமும் இருட்டும், வட்டமும் சதுரமும் மட்டும் மிஞ்சும். அப்போதும் தனியாக எழுந்து நிற்பது எதுவோ, அதுதான் வரைந்தவன் உங்களுக்குக் காட்ட நினைத்தது. திரையை ஒரு முழம் தள்ளிப் பிடித்து இப்படிப் பாருங்கள். விரலை அதுவரைக்கும் மடியில் வைத்திருங்கள்.

பாதிக் கண்ணில் தெரிந்ததை அப்புறம் முழுக் கண்ணால் சோதிக்க வேண்டும். அசைகிறதா? அசைவுக்கு வேலை அதிகம், வீணாக அசைக்க மாட்டார்கள். சுற்றியிருப்பதைவிட அவுட்லைன் அழுத்தமா? பின்னணியில் மெல்லிய வாஷ், முன்னால் கெட்டியான கோடு என்றால், கெட்டிக் கோடுதான் கைக்கு வரும். சட்டத்தின் ஓரத்தில் ஏதாவது பாதியில் அறுபட்டு நிற்கிறதா? அப்படியென்றால் மீதிப் பாதி வேறெங்கோ இருக்கிறது.

தொடங்க 'மான்யுமெண்ட் வேலி'

புதியவர் யார் வந்தாலும் இதைத்தான் கையில் கொடுப்பேன். லண்டனில் இருக்கும் அஸ்டூ என்ற நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. ஐடா என்ற வெள்ளை உடை, கூம்புத் தொப்பிச் சிறுமியைக் கோபுரங்கள் வழியாக நடத்திக்கொண்டு போக வேண்டும். பத்து அத்தியாயம். அவசரமில்லாமல் விளையாடினால் ஒரு சாயங்காலம். நடுநடுவே ஓரிரு வரி எழுத்து வரும், அது புரியாவிட்டாலும் புதிர் நிற்காது.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் புதிர் முடிந்த மாதிரி. சுவரில் ஒரு ரோடு வரைந்தால் தூரம் போகப் போக ஒடுங்க வேண்டும், ஓரத்து மரங்கள் சின்னதாக வேண்டும். இந்த விளையாட்டில் அது கிடையாது. ஐசோமெட்ரிக் என்பார்கள், என்ஜினியர் வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். பக்கத்துத் தூணும் தூரத்துத் தூணும் ஒரே அளவு. அதனால் ஒரு பாதையின் முனை கிட்டத்தில் இருக்கிறதா எட்டத்தில் இருக்கிறதா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டு முனைகள் திரையில் ஒட்டிக்கொண்டால் போதும், ஐடாவுக்கு அது பாதை. நிஜத்தில் நடுவில் பத்து ஆள் உயரப் பள்ளம் இருக்கலாம். திரையில் ஒட்டியதா இல்லையா, அது ஒன்றுதான் கணக்கு.

இந்தக் கண்கட்டு வித்தை புதிதல்ல. ஆஸ்கர் ரொய்ட்டர்ஸ்வேர்ட் என்ற ஸ்வீடன் நாட்டு ஓவியர் 1934-லேயே இப்படி நிஜத்தில் இருக்க முடியாத ஒரு முக்கோணத்தை வரைந்துவிட்டார். 1958-இல் லயனல் பென்ரோஸ், அவர் மகன் ரோஜர் பென்ரோஸ் இருவரும் அதே முக்கோணத்தைத் தாங்களாகக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதினார்கள். அந்த ரோஜர்தான் 2020-இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். டச்சு ஓவியர் எஷர் 1961-இல் அதை வைத்து, கீழே விழுந்த தண்ணீர் தானாகவே மறுபடி மேலே போய்ச் சேர்கிற ஓர் அருவியை அச்சுப் படமாகப் போட்டார். அந்தப் படத்தை ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டு விளையாட உட்கார்ந்தால் கை சீக்கிரம் பழகும்.

விளையாடும்போது ஐடாவை நகர்த்துவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கோபுரத் துண்டைச் சுழற்றுகிற கைப்பிடியைப் பிடித்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், மெதுவாக. எந்தெந்த இடத்தில் எந்த முனை எதோடு ஒட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் இது ரொம்ப உதவும். ஐடா சுழலும் துண்டின்மேல் நிற்கிறபோது கைப்பிடி உள்ளே இழுத்துக்கொள்ளும், சுற்ற முடியாது. கைப்பிடி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், இறங்கு, பிறகு சுற்று என்று படம் சொல்கிறது. காக்கை மனிதர்கள் குறுக்கே வந்தால் அவர்கள் நடக்கிற தாளத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அவர்கள் மிரட்டுவார்கள், கொல்ல மாட்டார்கள். இந்த விளையாட்டில் சாவு இல்லை, நேரக் கணக்கு இல்லை. அதனாலேயே முதல் விளையாட்டாக நல்லது.

2017-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ரோ என்ற தாயும் அவள் குழந்தையும். முதலில் குழந்தை பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். ஒரு கட்டத்துக்கு மேல் இருவரும் தனித்தனி. அக்கா இதை வாங்கிப் பார்த்துவிட்டு, புதிரை விட்டுவிட்டு, குழந்தை எங்கே போகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்ப்பதுதான் சரி.

கோரோகோவா: நாலு கட்டம்

எனக்குப் பிடித்தது இது. 2018-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்குக் கொடுக்கிற அறிமுக விளையாட்டு விருதை வாங்கியது. திரையில் இரண்டுக்கு இரண்டாக நாலு கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு படம். படத்துக்குள்ளே போகலாம், வெளியே வரலாம், கட்டத்தை இடம் மாற்றலாம், சில படங்களின் மேல் அடுக்கை உரித்து எடுத்து வேறொன்றின்மேல் வைக்கலாம். இவ்வளவுதான் விதி. ஒரு பையன் ஊருக்கு மேலே பல வண்ணத்தில் ஒரு பெரிய விலங்கு நகர்வதைப் பார்க்கிறான், அதற்காக ஒரு கிண்ணத்தில் ஐந்து பழம் சேர்க்கக் கிளம்புகிறான். எந்த இடத்திலும் ஒரு வார்த்தை கிடையாது.

முதல் வேலை: எந்தப் படம் திறந்திருந்தாலும் அதில் போகக்கூடிய ஆழம் வரைக்கும் உள்ளே போய்விட்டு, வரக்கூடிய தூரம் வரைக்கும் வெளியே வாருங்கள். எதையும் தீர்க்க வேண்டாம். சும்மா ஊரைச் சுற்றிப் பாருங்கள். ஒரு மேசைமேல் புத்தகம், புத்தகத்துக்குள் படம், படத்துக்குள் மலை, மலைமேல் ஒரு கோயில் என்று போய்க்கொண்டே இருக்கும். இந்த வழியை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் புதிரைத் தொடுவதில் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது, சட்டங்களைத் தேடுங்கள். கதவு நிலை, ஜன்னல் சட்டம், வளைவு, படத்தின் ஃப்ரேம். நடுவில் ஓட்டை உள்ள எதுவும் உரிந்து வர வாய்ப்பு அதிகம். ஜன்னலை மட்டும் தனியாக இழுத்து எடுத்து, இன்னொரு காட்சியின்மேல் போட்டால் அதே ஜன்னல் வழியாக வேறு ஊர் தெரியும். கதவைப் போட்டால் பையன் அந்தக் கதவு வழியாகவே நடந்து போய்விடுவான்.

மூன்றாவதுதான் எனக்குக் கை வந்த விஷயம். பெரிய போர்டுக்கு இரண்டு பிளைவுட் பலகையைச் சேர்த்து அடிப்போம். எழுத்து இரண்டு பலகையிலும் பாதிப் பாதியாக விழும். அந்தச் சேர்மானத்தில் கோடு ஒரு நூல் விலகினாலும் ரோட்டில் போகிறவர் கண்டுபிடித்துவிடுவார். கோரோகோவாவில் கண் போக வேண்டியது இந்தச் சேர்மானத்துக்குத்தான். கட்டத்தின் ஓரத்தைத் தொட்டு அறுபடுகிற கோடு எது? கிளை, சுவர், பாதை, கயிறு. அது எந்தச் சாய்வில் வெளியே போகிறது? அதே சாய்வில் உள்ளே வருகிற கோடு வேறு எந்தப் படத்தில்? பொருள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, கோடு ஒத்துப்போனால் போதும். மேல் கட்டத்து மரத்திலிருந்து பழம் விழுந்து கீழ்க் கட்டத்துக் கிண்ணத்தில் வந்து சேரும்போது, அந்த மரமும் கிண்ணமும் ஒரே இடத்தில் இல்லை என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் விழும்.

நாலாவது, வட்டங்கள். தட்டு, சக்கரம், நிலா, கடிகாரம். வானத்து நட்சத்திரம் ஒன்றின்மேல் விளக்குக் கூட்டை வைத்தால் விளக்கு எரிகிற இடம் ஒன்று வரும். வடிவம் ஒத்துப்போனால் அளவைச் சரிசெய்யுங்கள். ஒன்றை உள்ளே போய்ப் பெரிதாக்கி, மற்றதை வெளியே வந்து சின்னதாக்கி, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பொருத்துவது. இங்கேதான் பெரியவர்கள் சலித்துப் போகிறார்கள். குழந்தைகள் சலிப்பதில்லை, எதை எதன்மேல் வைத்தாலும் அவர்களுக்குச் சம்மதம்தான்.

இனி கதை. பையன் ஒருவன், சக்கர நாற்காலியில் ஒருவன், வயசான ஒருவர் என்று ஆட்கள் மாறி மாறி வருவார்கள். ஊர் முழுசாகத் தெரியும், இடிந்து தெரியும், மறுபடி எழும்பித் தெரியும். இவர்கள் எல்லோரும் ஒரே ஆள்தான், வயசுதான் வேறு என்பது அக்கா மகளின் கட்சி. பக்கத்து வீட்டுப் பையன் அது தாத்தாவும் பேரனும் என்கிறான். நான் அக்கா மகள் பக்கம். கட்டங்கள் சேர்கிறபோதெல்லாம் இடம் தாண்டுவதோடு காலமும் தாண்டுகிறது என்பதைக் கவனித்தால் வேறு மாதிரி படிக்க எனக்கு வரவில்லை. நீங்கள் விளையாடும்போது ஒவ்வொரு பழம் கிடைத்ததும் நிறுத்தி, இப்போது நாம் எந்த வயசில் நிற்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் போனால் கடைசிப் பகுதி அழகான குழப்பமாக மட்டும் மிஞ்சும்.

மெஷினாரியம்: செக்போஸ்ட்டில் தொடங்குகிற விளையாட்டு

செக் நாட்டு அமானிடா டிசைன் 2009-இல் வெளியிட்டது. துருப்பிடித்த ஓர் ஊர், ஜோசஃப் என்ற தகர ரோபோ. குப்பைமேட்டில் தூக்கி எறியப்பட்ட தன் உடம்பைத் தானே பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு ஊருக்குள் திரும்ப வேண்டும். ஊர் வாசலில் காவல். நீலக் கூம்புத் தலை, உச்சியில் விளக்கு உள்ள ரோபோவைத்தான் உள்ளே விடுகிறார்கள். ரோட்டில் வைக்கிற கூம்பு ஒன்று கிடைக்கும், நீல பெயிண்ட் கிடைக்கும், ஒரு பல்பு கிடைக்கும். மீதி உங்கள் வேலை.

2017-இல் ஜிஎஸ்டி வருகிற வரைக்கும் வேலந்தாவளம் எல்லைச் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தப் புதிரை விளக்கவே வேண்டியதில்லை. உள்ளே விடப்படுகிறவன் எப்படி இருக்கிறான் என்று பார், அப்படி ஆகு. பெயிண்டில் முக்குவதுதான் விடை என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

இங்கே தெரிந்திருக்க வேண்டியது இரண்டு. ஜோசஃப் கைக்கு எட்டியதை மட்டும்தான் தொட முடியும். அதனால் ஒரு பொருள் அசையவில்லையென்றால் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அவன் உடம்பை மேலே நீட்டலாம், கீழே அமுக்கிக் குள்ளமாக்கலாம். உயரத்தில் இருப்பதற்கும் தரையோடு இருப்பதற்கும் இந்த இரண்டையும் முயன்று பார்க்காமல் மாட்டிக்கொண்டதாகச் சொல்லக் கூடாது.

பேச்சு எல்லாம் தலைக்கு மேலே குமிழியில், கோட்டுப் படமாக ஓடும். ஒருவனுக்கு என்ன வேண்டும், யார் எதைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அதில்தான். ஓடி முடிந்ததும் அவசரமாக நகராதீர்கள், மறுபடி ஒரு முறை தட்டிக் கேளுங்கள். ஜோசஃபை ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்க விட்டாலும் அவன் பழசை நினைக்க ஆரம்பிப்பான், குமிழியில் பழைய நாட்கள் வரும். கதையில் பாதி இந்தச் சும்மா நேரத்தில் கிடைக்கிறது. எல்லாவற்றையும் வேகமாகத் தட்டுகிறவருக்கு அது கிடைக்காமலே போகும்.

புதிர்கள் சில கடினம், ஒளிக்காமல் சொல்கிறேன். நடுவில் கணக்குப் புதிர், காய் நகர்த்தும் புதிர் எல்லாம் வரும், அவற்றில் கதை இல்லை, அவற்றை நான் விரும்புவதும் இல்லை. துணைக்கு ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பல்பு உண்டு, தட்டினால் ஒரு சின்னக் குறிப்பு. அதற்கும் மேலே ஒரு பூட்டுப் போட்ட புத்தகம். ஒரு சாவியைப் பறக்க விட்டுச் சிலந்திகளைச் சுட்டுக்கொண்டே போனால் திறக்கும். உள்ளே அந்தக் காட்சியின் முழு விடையும் சித்திரக்கதைப் பக்கமாக வரைந்திருக்கும். விடைப் புத்தகத்திலும் எழுத்து இல்லை! இணையத்தில் விடை தேடுவதற்கு முன்னால் இதைத் திறங்கள்.

இதே நிறுவனத்தின் 'சமோரோஸ்ட்' முதல் பாகம் 2003-இல் வந்தது, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், இலவசம். காசு போடுமுன் இந்த வகை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க அது போதும்.

சீக்கிரம் முடிகிறவை

'ஃப்ரேம்ட்' 2014-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து வந்தது. சித்திரக்கதைப் பக்கம். பெட்டியோடு ஓடுகிற ஒருவன், துரத்துகிற போலீஸ். கட்டங்களின் வரிசையை மாற்றினால் நடப்பது மாறும். வழி எளிது: முதலில் இருக்கிறபடியே ஓட விட்டு, எந்தக் கட்டத்தில் மாட்டுகிறான் என்று பாருங்கள். அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்து, இதற்கு முன்னால் அவன் எந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தால் தப்பியிருப்பான் என்று கேளுங்கள்.

'ஃப்ளோரன்ஸ்' 2018 காதலர் தினத்தன்று வந்தது. மான்யுமெண்ட் வேலியின் முக்கிய வடிவமைப்பாளர் கென் வாங் தனியாகப் போய்ச் செய்தது. புதிர் என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். ஃப்ளோரன்ஸ் என்ற பெண்ணுக்கும் கிரிஷ் என்ற செல்லோ வாசிக்கும் பையனுக்கும் காதல். அவர்கள் பேசுவது ஜிக்சா துண்டுகளாக வரும், சேர்த்தால்தான் பேச்சு. பழகப் பழகத் துண்டுகள் குறையும், சேர்ப்பது சுலபமாகும். சண்டை வந்தால் துண்டுகளின் ஓரம் கூராகும், யார் பேச்சு முந்துகிறது என்று போட்டி வந்துவிடும். இதில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் விரலுக்கு என்ன ஆகிறது என்று கவனியுங்கள். சுலபமாக இருந்தது எப்போது கஷ்டமானது? கதை அங்கே இருக்கிறது.

'அன்பேக்கிங்' 2021-இல் வந்தது. ஒரு பெண் 1997-இலிருந்து 2018 வரை வீடு மாறுகிறாள். பெட்டிகளைப் பிரித்துச் சாமானை அடுக்குவதுதான் வேலை. அவளை ஒரு முறைகூடப் பார்க்க மாட்டீர்கள். 2010-ஆம் வருஷத்து வீட்டில் அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் எங்கேயும் இடம் கிடைக்காது. ஏற்கெனவே அங்கே குடியிருக்கிறவனின் சாமான்கள். கடைசியில் கட்டிலுக்கு அடியில்தான் போக வேண்டும். அந்த வீட்டைப் பற்றி இதற்குமேல் யாரும் சொல்ல வேண்டாம். விளையாடும்போது ஒரு சாமான் எந்த வீட்டிலிருந்து காணாமல் போனது, எது அடுத்த வீட்டுக்கும் வந்தது என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

'கிரிஸ்' 2018-இல் பார்சலோனாவிலிருந்து வந்தது, வாட்டர் கலர். நிறமே இல்லாத உலகத்தில் தொடங்கும், பிறகு சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொன்றாகத் திரும்பும். குதிப்பதும் ஓடுவதும்தான் அதிகம், புதிர் லேசு. பெயிண்ட் தொடுகிற யாரும் இதை விடக் கூடாது. புது நிறம் வந்ததும் முன்னால் கடந்து வந்த வண்ணங்கள் எப்படி மாறுகின்றன என்று நின்று பாருங்கள்.

போனில் செய்ய வேண்டியது

நைட் மோடு, கண்ணைக் காக்கும் மஞ்சள் ஒளி, இவற்றை அணைத்துவிடுங்கள். நிறம்தான் இங்கே பேச்சு, மஞ்சள் ஏறினால் நீலமும் சாம்பலும் ஒன்றாகிவிடும். ஆட்டோ பிரைட்னஸ் வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்தால் வெயிலுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் சத்தமாக அடிக்கும், ஹெட்செட் இல்லாமல் ஒன்றும் கேட்காது. சத்தம் குறிப்பு தருகிற இடங்கள் உண்டு, அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடாதீர்கள். திரை பெரியதாக இருந்தால் கோரோகோவாவுக்கு நல்லது. வாங்கும்போது ஒரு முறை காசு கொடுத்து முடிகிற விளையாட்டுதானா என்று பாருங்கள். இலவசம் என்று இதே சாயலில் வருகிற போலிகளில் நடுவில் விளம்பரம் பாயும். படத்தைப் பார்க்கவே விடாது.

மாட்டிக்கொண்டால்

மாட்டிக்கொள்வீர்கள். அப்போது தட்டுவதை நிறுத்திவிட்டு, படத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஒரு கதவு, ஒரு ஏணி, மூன்று குழாய், ஒரு பூனை. சொல்லிக்கொண்டு வரும்போது எதற்கு இதுவரை ஒரு வேலையும் கொடுக்கவில்லை என்று தானாகத் தெரியும். வேலையில்லாமல் நிற்கும் பொருள்தான் சாவி. குழந்தைகளோடு விளையாடினால் இந்தச் சொல்லும் வேலையை அவர்களிடம் விடுங்கள். போன் வைத்திருப்பவர் தொட மட்டும் செய்ய வேண்டும், மற்றவர்கள் விரலால் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் "அந்த மூலையில நீலமா, அதுக்குக் கீழ" என்று தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். சொல்லிப் பழகினால் பார்க்கும் கண் கூர்மையாகிறது.

அப்படியும் நடக்கவில்லையென்றால் மூடிவைத்துவிட்டு மறுநாள் திறங்கள். விடை வீடியோ பார்ப்பதென்றால் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லி, அவர் ஒரே ஒரு அடியை மட்டும் உங்களுக்குச் சொல்லட்டும். நீங்களே பார்த்தால் அடுத்த மூன்று புதிரும் சேர்ந்து கெட்டுப்போகும்.

முடித்த பிறகு அக்கா பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்று உண்டு: ஒரு தாளை நாலாக மடித்து, நாலு கட்டத்தில் அந்தக் கதையை வரைந்து காட்டு, எழுத்து போடக் கூடாது. எதை விட்டார்கள், எதைப் பெரிதாகப் போட்டார்கள் என்று பார்த்தால், யாருக்குக் கதை எங்கே பிடிபட்டது என்று தெரிந்துவிடும். பெரியவர்களும் செய்யலாம். படம் நன்றாக வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. இந்த வகையைத் தேடினால் 'லிம்போ' என்ற பெயர் கட்டாயம் வந்து நிற்கும். டென்மார்க்கின் பிளேடெட் 2010-இல் வெளியிட்டது, முழுக்கக் கறுப்பு வெள்ளை நிழல் உருவங்கள், வரைந்த விதத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அதில் அந்தச் சிறுவன் பொறிகளிலும் பெரிய சிலந்தியிடமும் மாட்டி மாட்டிச் சாகிறான். செத்துத்தான் வழி கற்றுக்கொள்ள வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். நீங்கள் மட்டும் விளையாடுங்கள், இருட்டான அறையில், பிரைட்னஸை ஏற்றி வைத்து. இல்லையென்றால் கறுப்புக்குள் இருக்கும் கறுப்பு தெரியாது.